குமரிக்குள்ள ஒரு பயண நாவல்: 60 கிலோமீட்டர் போதுமா?

ரப்பர்மரம் | 3 ஜூன் 2025, இரவு 10.20

கேரள எல்லையில இருக்கிற களியக்காவிளையில கிளம்பி வண்டியை நிறுத்தாம ஓட்டினா கன்னியாகுமரிக்கு ரெண்டு மணி நேரம். ஏறக்குறைய 60 கிலோமீட்டர். இதுக்குள்ள ஒரு பயண நாவல் அடங்காதுங்கிற முடிவுக்கு வந்துட்டேன்.

எழுதுறது இளையோர் நாவல். பிளஸ் டூ முடிச்ச மூணு பேர், ரெண்டு பையன் ஒரு பொண்ணு. நாலாவது ஆள் பைக் விபத்துல செத்துட்டான். அவன் சாம்பலை ஒரு கலயத்துல எடுத்துக்கிட்டு மார்த்தாண்டத்துலேருந்து ஒரே ஸ்கூட்டர்ல கிளம்புறாங்க. வழியில பெட்ரோல் தீருது. ஆரல்வாய்மொழி காற்றாலைக்குக் கீழ ராத்திரி படுக்கிறாங்க. கடைசியில குமரிக் கடல்ல சூரியன் மறையிற நேரம் சாம்பலைக் கரைக்கிறாங்க. நடக்கிறது ஜூன் மாசம். மாதிரிக்கு ஒரு அத்தியாயத்தைத் தனியா இணைச்சிருக்கேன். 12 அத்தியாயம் திட்டம், அஞ்சாவதுலேயே கன்னியாகுமரி வந்துருது. கதையை மதுரையில தொடங்கவா, இல்ல மூணு பேரையும் காஷ்மீருக்கே அனுப்பிடவா?

ஆரல்காற்று | 3 ஜூன், இரவு 11.05

மார்த்தாண்டத்துலேருந்து குமரிக்குப் போறவன் ஆரல்வாய்மொழிக்கு எதுக்கு மக்கா வாறான்? அது நாகர்கோவில் தாண்டி திருநெல்வேலி போற பாதை. காற்றாலை படத்துக்கு நல்லாருக்கும், வழியில வராது.

பெட்ரோலும் தீராது. 110 சிசி ஸ்கூட்டர் டேங்க் 5 லிட்டர் சொச்சம். ஆள் ஏறி லிட்டருக்கு 40 கிலோமீட்டர்தான் குடுத்தாலும் 200 ஓடும். 60 கிலோமீட்டர்ல காலியாகணும்னா கிளம்பும்போதே முள் சிவப்புல கிடக்கணும், மூணு பேரும் அதைப் பாக்காத முட்டாளா இருக்கணும். அந்த ரோட்டுல பங்க் இல்லாத இடம் தேடித்தான் கண்டுபிடிக்கணும்.

வண்டி நிக்கணும்னா வேற வழி இருக்கு. ஜூன் மழையில தண்ணி தேங்கின இடத்துல இறக்குங்க. இடது பக்க மூடிக்குள்ள தண்ணி போனா, இஞ்சின்லேருந்து பின்சக்கரத்தைச் சுத்துற பெல்ட் வழுக்கும். ஆக்சிலேட்டரைத் திருகினா சத்தம் மட்டும் ஏறும், வண்டி நகராது. பத்துப் பதினஞ்சு நிமிஷம் ஸ்டாண்டு போட்டு இஞ்சினை ஓடவிட்டா காய்ஞ்சு பிடிச்சுக்கும். பேசவேண்டியதைப் பேச அந்த நேரம் போதும். பெல்ட் அறுந்துச்சுன்னா கதை வேற. மூடியைக் கழட்டி, பெல்ட் மாட்டியிருக்கிற வேரியேட்டரோட நட்டைப் பிடிச்சுத் திறக்கத் தனி ஹோல்டர் வேணும். ரோட்டோரத்துல கல்லும் ஸ்குரு டிரைவரும் வச்சு ஹீரோ சரி பண்ணினான்னு எழுதினா மெக்கானிக் வீட்டுப் பையன் புத்தகத்தைத் தூக்கி எறிஞ்சிருவான்.

கணக்கப்பிள்ளை | 4 ஜூன், காலை 6.10

சூரியனும் தவறு. கன்னியாகுமரிக் கடற்கரையில் கடலுக்குள் சூரியன் மறைவதைக் காண ஏறக்குறைய ஐப்பசி முதல் மாசி வரைதான். ஜூனில் சூரியன் நேர் மேற்கிலிருந்து 23 பாகை வடக்கே விலகி இறங்குகிறது. அந்தத் திசையில் நிலமும் மலையும். அது தவிர ஜூனில் தென்மேற்குப் பருவமழை. மேகம் திறந்தால் உங்கள் அதிர்ஷ்டம்.

சாம்பலைப் பற்றிக் கேட்கவேண்டியது ஒன்று: இறந்தவன் எந்த வீட்டுப் பையன்?

அக்கானி | 4 ஜூன், காலை 7.40

கணக்கப்பிள்ளை அண்ணே, காலங்காத்தால ஜாதகம் கேக்காதீங்க.

கணக்கப்பிள்ளை | 4 ஜூன், காலை 8.00

ஜாதகம் இல்லை. இந்த மாவட்டத்தில் இந்துக்களும் கிறிஸ்தவர்களும் கிட்டத்தட்டப் பாதிக்குப் பாதி. கிறிஸ்தவ வீடு என்றால் கல்லறைத் தோட்டம், சாம்பலே கிடையாது. தக்கலை, குளச்சல் பக்கத்து முஸ்லிம் வீடு என்றால் அன்றைக்கே அடக்கம். இந்து வீடுகளிலும் கல்யாணமாகாத பிள்ளையை எரிக்காமல் புதைக்கும் குடும்பங்கள் உண்டு. எரித்த வீடு என்றே வைத்துக்கொள்ளுங்கள். காடாற்று அன்று எலும்பைப் பொறுக்கி, பாலும் தண்ணீரும் விட்டுக் கழுவி, மண் கலயத்தில் போட்டு வாயைத் துணியால் கட்டுகிறார்கள். பெரும்பாலும் அன்றைக்கே ஆற்றிலோ கடலிலோ சேர்த்துவிடுவார்கள். வெளியூரிலிருந்து யாராவது வரவேண்டும் என்று வைத்திருந்தாலும் வீட்டுக்குள் ஏற்ற மாட்டார்கள், வெளியே மரத்தில் கட்டித் தொங்கவிடுவார்கள். இரண்டு மாதம் கழித்து உங்கள் மூன்று பேருக்குக் கொடுக்கக் கலயம் எங்கே இருக்கும்?

இருந்தாலும் அவர்களுக்கு யார் கொடுப்பார்? அந்த உரிமை தகப்பனுக்கும் உடன்பிறந்தவனுக்கும். கூட்டுக்காரனுக்கு, அதாவது நண்பனுக்கு, சடங்கில் இடமே இல்லை. பந்தலில் நாற்காலி எடுத்துப் போடுவான், சாயா கொடுப்பான், அவ்வளவு.

சிவப்புமை | 4 ஜூன், மதியம் 1.15

மேலே கடைசிப் பத்தியைப் பிரிண்ட் எடுத்து மேசை மேல் ஒட்டிவையுங்கள் ரப்பர்மரம். நாவல் அங்கேதான் இருக்கிறது. துக்கம் முழுக்க இருக்கிறது, துக்கப்பட இடம் கிடையாது. பதினெட்டு வயதுக்கு இதைவிடப் பொருத்தமான சிக்கல் எது?

60 கிலோமீட்டர் போதாது என்பது தவறான கவலை. நெடுந்தூரப் பயணக் கதைகளுக்கு உயிர் கொடுப்பது தூரம் இல்லை, யாருக்கும் தெரியாத ஆளாக ஆகிவிடுவது. காஷ்மீர் ரோட்டில் உங்கள் மூன்று பேரை யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். சுங்கான்கடை ஜங்ஷனில் சாயா குடிக்க இறங்கினால் கடைக்குள்ளிருந்து ஒருவர் எட்டிப் பார்த்து, "நீ இன்னாரு மகன்லா, இங்க என்னல செய்ய?" என்பார். அடுத்த பத்து நிமிடத்தில் வீட்டுக்குப் போன் போய்விடும். எங்கே திரும்பினாலும் தெரிந்தவர்கள் இருக்கும் ஊரில் மூன்று பிள்ளைகள் ஒரு நாள் தனியாக இருக்க முயற்சி செய்கிறார்கள். 60 கிலோமீட்டரைக் கடக்க 12 அத்தியாயம் தாராளமாக ஆகும்.

ரப்பர்மரம் | 4 ஜூன், இரவு 9.30

சாம்பல் போச்சுன்னா அவங்க எதைத் தூக்கிக்கிட்டுப் போறாங்க? அவனோட டைரி, 'சாகறதுக்கு முன்னாடி பாக்கவேண்டிய இடங்கள்'னு ஒரு லிஸ்ட், இப்படி யோசிச்சேன்.

அக்கானி | 4 ஜூன், இரவு 9.45

பதினெட்டு வயசு மார்த்தாண்டம் பையன் டைரி எழுதினானா? ரெக்கார்டு நோட்டே அடுத்தவன்தான் எழுதிக் குடுத்திருப்பான்.

சிவப்புமை | 4 ஜூன், இரவு 10.50

லிஸ்ட் வேண்டாம். தான் சாகப்போவது தெரிந்தவன்தான் லிஸ்ட் எழுதுவான். விபத்தில் போனவன் விட்டுப்போவது பாக்கி. யாரிடமோ வாங்கிய ஹெல்மெட். திருப்பிக் கொடுக்காத வாலிபால் வலை. நூலக முத்திரை போட்ட ஒரு புத்தகம். ஜூஸ் கடையில் கணக்குச் சொல்லிவிட்டு வந்த 340 ரூபாய். இவற்றை உரியவர்களிடம் சேர்ப்பதற்காக மூன்று பேர் போகிறார்கள். சடங்கில் இடம் இல்லாதவர்களுக்கு இது யாரும் தடுக்க முடியாத வேலை. ஒவ்வொரு பொருளையும் வாங்கிக்கொள்ள ஒரு ஆள் இருக்கிறார். அந்த ஆளுக்கு அவனைப் பற்றி இவர்களுக்குத் தெரியாத ஒன்று தெரியும். பாதையும் நேர்கோட்டிலிருந்து தானாக விலகும்.

நான்கு பொருள், அதிகமாகப் போனால் ஐந்து. ஏழு வைத்தால் தபால்காரன் கதை ஆகிவிடும்.

ஆரல்காற்று | 5 ஜூன், காலை 6.50

சிவப்புமை அக்கா சொன்னபடி சுத்துற வழி போடலாம். மார்த்தாண்டம், திருவட்டாறு, குலசேகரம், பேச்சிப்பாறை. அங்கேருந்து திரும்பி தக்கலை, குளச்சல். அப்புறம் கடலோரமா முட்டம், ராஜாக்கமங்கலம், மணக்குடி, கன்னியாகுமரி. மொத்தம் 120 கிலோமீட்டர் சொச்சம் வரும். மலை, ரப்பர், வயல், கடல் நாலும் ஒரே நாள்ல வந்துரும். தமிழ்நாட்டுல வேற எங்க கிடைக்கும்?

ஒரே ஸ்கூட்டர்ல மூணு பேர் மட்டும் வேண்டாம். மோட்டார் வாகனச் சட்டம் 194சி, ஆயிரம் ரூபா அபராதம், மூணு மாசம் லைசென்ஸ் போகும். ஓட்டுறவனுக்கு 18 முடியலைன்னா இன்னும் மோசம். 199ஏ பிரிவுல வண்டி சொந்தக்காரர் மேல 25,000 அபராதம், மூணு வருஷம் வரைக்கும் ஜெயிலுக்கு வழி, வண்டி பதிவும் ஒரு வருஷத்துக்கு ரத்து. எல்.எல்.ஆர். வச்சுக்கிட்டு ஓட்டுறான்னு எழுதினாலும் பின்னால கூட்டுக்காரனை ஏத்தக்கூடாது, சொல்லிக்குடுக்கிற ஆள் மட்டும்தான். பிறந்தநாளை ஏப்ரல்ல வையுங்க. எல்.எல்.ஆர். எடுத்து 30 நாள் கழிச்சு டெஸ்ட். ஜூன்ல கையில புது லைசென்ஸ். புது லைசென்ஸ்காரன் ஓட்டுற விதமே தனி, இண்டிகேட்டரை அணைக்க மறந்துட்டே போவான்.

சிவப்புமை | 5 ஜூன், காலை 11.20

அப்படியானால் பொண்ணு பஸ்ஸில் வரட்டும். கதைக்கு அது நல்லது. இரண்டு பேர் ஸ்கூட்டரில், ஒருத்தி பஸ்ஸில், ஒவ்வொரு நிறுத்தத்திலும் சேர்கிறார்கள். ஸ்கூட்டரில் போகிறவர்கள் முகம் பார்த்துப் பேச முடியாது. ஹெல்மெட்டுக்குள் காற்று இரைச்சல், பாதி வார்த்தை கேட்காது. பஸ்ஸில் இருக்கிறவளுக்குப் பேச ஆளே இல்லை. பேச முடியாத இரண்டு நிலை, இரண்டுக்கும் வேறு வேறு நடை.

அக்கானி | 5 ஜூன், மதியம் 12.05

சாதாரண டவுன் பஸ்ல அவளுக்குக் காசு கிடையாது, கண்டக்டர் கட்டணமில்லா டிக்கெட்டு கிழிச்சுத் தருவார். எக்ஸ்பிரஸ்ல ஏறினா காசு. மார்த்தாண்டம் டு தக்கலை, தக்கலை டு குளச்சல்னு மாறி மாறித்தான் போகணும். ஸ்கூட்டர்காரங்க முந்தி வந்து காத்துக் கிடப்பாங்கன்னு நினைக்காதீங்க. தக்கலையில நெருக்கடி பிடிச்சா பஸ்ஸும் ஸ்கூட்டரும் ஒண்ணா நிக்கும். ஜன்னல் வழியா அவ கீழ பாப்பா, இவனுவ மேல பாப்பானுவ. யாரும் கையைக்கூட ஆட்டமாட்டாங்க.

கணக்கப்பிள்ளை | 5 ஜூன், மாலை 5.30

விபத்து மரணம் என்று சொன்னீர்கள். அதன் விளைவுகளையும் எழுதவேண்டும். வழக்குப் பதிவாகும். உடல் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரிக்குப் பிரேதப் பரிசோதனைக்குப் போகும். வீட்டுக்கு வர மறுநாளும் ஆகலாம். வண்டி காவல் நிலைய வளாகத்தில் நிற்கும், கோர்ட் மூலம்தான் விடுவிக்க முடியும். எனவே அவன் வண்டியிலேயே நண்பர்கள் கிளம்புகிறார்கள் என்று எழுதாதீர்கள். அது மழையில் துருப்பிடித்து, சீட்டுக்கடியில் செடி முளைத்து நிற்கிறது. அந்த வளாகம் மெயின் ரோட்டோரம் இருந்தால் இவர்கள் அதைக் கடந்துதான் போகவேண்டும்.

செல்போனும் விசாரணைக்குப் போயிருக்கலாம். அவன் போனைத் திறந்து பழைய வாய்ஸ் மெசேஜ் கேட்கிற காட்சி எழுதியிருந்தால் நீக்குங்கள்.

ரப்பர்மரம் | 5 ஜூன், இரவு 8.15

எழுதியிருந்தேன். நீக்கிட்டேன். மூணு பக்கம்.

அக்கானி | 5 ஜூன், இரவு 8.40

நீக்காதீங்க மக்கா, மாத்துங்க. அவன் அனுப்பின வாய்ஸ் மெசேஜ் இவங்க மூணு பேர் போன்லயும் இருக்குமே. அவனுக்கு இவங்க அனுப்பினதுக்குத்தான் பதில் வராது. குரூப்புல எதைப் போட்டாலும் அவனுக்குப் போய்ச் சேராததால ரெண்டாவது டிக் விழாது, ஒத்தை டிக்தான்.

கணக்கப்பிள்ளை | 6 ஜூன், காலை 6.25

அது நிரந்தரம் இல்லை. தொடர்ந்து 120 நாள் இணைப்பில் வராத வாட்ஸ்அப் கணக்கு பொதுவாகத் தானாக நீக்கப்படும். அப்போது குழுவில் அவன் வெளியேறியதாக ஒரு வரி வரும். நான்கு மாதம் கழித்து, செத்துப்போனவன் குழுவை விட்டுப் போகிறான்.

பிளஸ் டூ தேர்வு இந்த வருடம் மார்ச் 25-இல் முடிந்தது. மார்ச் 27-இல் இறந்தான் என்று வையுங்கள். 120-ஆவது நாள் ஜூலை 25. அதற்கு முந்தின நாள், ஜூலை 24, ஆடி அமாவாசை. குழித்துறையில் வாவுபலி, இறந்தவர்களுக்கு ஆற்றங்கரையில் எள்ளும் சோறும் வைக்கும் நாள். கதையை ஜூனிலிருந்து ஜூலைக்கு நகர்த்துங்கள்.

ரப்பர்மரம் | 6 ஜூன், காலை 7.00

இதைப் படிச்சதும் கை உதறுது. வாவுபலி நாள்ல கிளம்பி, மறுநாள் விடியுறப்ப அந்த வரி. முடிவு கிடைச்சிருச்சு.

சிவப்புமை | 6 ஜூன், காலை 10.10

கணக்கு இவ்வளவு அழகாக வந்தால் வாசகன் நம்ப மாட்டான். வாட்ஸ்அப் பஞ்சாங்கம் பார்த்துத் திதி கொடுக்கிறதா? ஒரு வாரம் தள்ளிவையுங்கள். பயணம் முடிந்து, அவரவர் கல்லூரி சேர்க்கை வரிசையில் சலிப்போடு நிற்கும்போது வரட்டும்.

கணக்கப்பிள்ளை | 6 ஜூன், காலை 10.40

ஒப்புக்கொள்கிறேன். உண்மையில் நாள் துல்லியமாக விழவும் விழாது. விபத்து நேரத்தில் போன் உடையாமல் இருந்தால் பேட்டரி தீரும் வரை இணைப்பில் இருந்திருக்கும், எண்ணிக்கை அதிலிருந்துதான். 120 ஆனதும் மணியடித்தாற்போல நீக்குவதும் இல்லை.

அக்கானி | 6 ஜூன், மதியம் 1.30

வாவுபலியை மட்டும் விட்டுராதீங்க. ஆத்தங்கரையில தலை முழுகி எள்ளும் சோறும் வச்சு அழுதுகிட்டு பலி போடுறாவ. அந்தப் பக்கம் பொருட்காட்சி. ராட்டினம், மிளகாய் பஜ்ஜி, தென்னங்கன்னு, விவசாயச் சாமான், மைக்ல காணாமப்போன பிள்ளை அறிவிப்பு. துக்கமும் திருவிழாவும் ஒரே கூட்டத்துக்குள்ள முட்டிக்கிட்டு நடக்கும். இதை நாவலாசிரியன் கற்பனை பண்ணினா ஓவர்னு சொல்லுவோம், ஊர் வருஷா வருஷம் நடத்துது. மார்த்தாண்டத்துலேருந்து கூப்பிடு தூரம் வேற. அங்கேயே தொடங்குங்க.

ரப்பர்மரம் | 6 ஜூன், இரவு 9.50

கூட்டுக்காரனுக்குப் பலி போட முடியுமா? அண்ணே, சடங்குல இடமே இல்லைன்னு சொன்னீங்க.

கணக்கப்பிள்ளை | 7 ஜூன், காலை 6.00

நான் சொன்னதைத் திருத்திக்கொள்கிறேன். ஈமச் சடங்கில்தான் இடமில்லை. தர்ப்பணத்தில் காருண்ய பித்ருக்கள் என்று ஒரு வகை உண்டு. குரு, நண்பன், வாரிசு இல்லாதவர்கள் எல்லாம் அதில் அடக்கம். முறைப்படி அது மகாளய காலத்தில் சொல்வது. ஆனால் ஆடி அமாவாசைக் கூட்ட நெரிசலில் வரிசையாக உட்காரவைத்துச் செய்விக்கிறவர், நீ அவனுக்கு யார் என்று விசாரிக்கமாட்டார். கேட்பது இரண்டு: பேர் என்ன, நட்சத்திரம் என்ன.

அங்கேதான் இவர்கள் மாட்டுவார்கள். பிறந்த தேதி தெரியும், கேக் வெட்டியிருக்கிறார்கள். நட்சத்திரம் தெரியாது. அது தெரிந்தவள் அவன் அம்மா.

ஆரல்காற்று | 7 ஜூன், காலை 6.30

போன்ல பஞ்சாங்க ஆப்பு திறந்து பிறந்த தேதியைப் போட்டா ஒரு நொடியில அன்னைக்கு ஓடின நட்சத்திரம் ஒண்ணோ ரெண்டோ வந்துரும் அண்ணே.

சிவப்புமை | 7 ஜூன், காலை 9.00

வரும். ஒருவன் தேடி எடுத்துவிடுவான். இன்னொருவன் அதற்குள் அம்மாவுக்குப் போன் போட்டிருப்பான். முதல் சண்டை அங்கே நடக்கட்டும். பயணம் போவது இனி அந்த வீட்டுக்குத் தெரியும்.

பிறந்த தேதி என்றதும் இன்னொன்று. தேர்வு முடிந்து செத்தவனுக்கும் மே மாதம் ரிசல்ட் வரும். பதிவு எண்ணும் பிறந்த தேதியும் போட்டால் திரையில் மதிப்பெண் வந்து நிற்கும். ஒரே வகுப்பில் பதிவு எண்கள் வரிசையாகத்தான் இருக்கும். அவனுக்கு முந்தின எண் இவர்களில் ஒருவனுடையது என்றால், தன் மதிப்பெண் பார்த்து முடித்ததும் கடைசி இலக்கத்தில் ஒன்றைக் கூட்டிப் போட அவனுக்கு எவ்வளவு நேரம் ஆகும்? ஒரு பக்கத்துக்கு மேல் எழுதாதீர்கள். எத்தனை மார்க் என்றும் சொல்ல வேண்டாம். தேர்ச்சி என்று மட்டும் போதும்.

அக்கானி | 7 ஜூன், மதியம் 2.20

பேச்சு மொழி பத்தி. நீங்க இணைச்ச அந்த மாதிரி அத்தியாயத்துல பயலுவ 'அடச்சே'ன்னு சலிச்சுக்கிறானுவ. நம்ம பக்கத்துப் பயலுவ வாயில காலைல எழும்பினா வாறது 'சவம்', 'எளவு' ரெண்டும்தான். பஸ் வரலைன்னா சவத்துப் பஸ்ஸு. பேனா எழுதலைன்னா எளவெடுத்த பேனா. கூட்டுக்காரன் செத்த மறுநாள் இந்த ரெண்டு வார்த்தையும் வாய் வரைக்கும் வரும், பாதியில நிக்கும். இத்தனை நாள் என்ன சொல்லிக்கிட்டுத் திரிஞ்சோம்னு அப்பதான் காதுல விழும்.

அதனால முதல் ஆறு அத்தியாயம் அந்த வார்த்தைகளை யாரும் சொல்லக்கூடாது. சொல்ல வந்து நிறுத்தட்டும். தண்ணிக்குள்ள பெல்ட் வழுக்கி வண்டி நிக்கிற இடத்துல ஒருத்தன் "சவத்து வண்டி!"ன்னு முழுசாக் கத்தட்டும். மத்தவன் சிரிச்சா போதும். ஏன் சிரிச்சான்னு விளக்க ஆரம்பிச்சா புத்தகம் முடிஞ்சுது.

பசங்க ஒருத்தனுக்கொருத்தன் மக்கா, லே. பெரியவங்க கூப்பிட்டா மக்ளே. பொண்ணைப் பிள்ளே. ஆளைப் பத்திப் பேசினா 'அவிய வந்தாவ, சொன்னாவ'. மார்த்தாண்டம் பக்கம் டீ கிடையாது, சாயா. பதநீர் கிடையாது, அக்கானி. (ஆமா, என் பேர்தான்.)

ரப்பர்மரம் | 8 ஜூன், இரவு 10.00

பாதையில மாத்தூர் தொட்டிப்பாலத்தைச் சேத்திருக்கேன். 1966-ல கட்டினது, 115 அடி உயரம். ஒருத்தன் நடுப்பாலத்துல நின்னு கீழ பாக்கிறான், மத்தவங்க பதறுறாங்க.

சிவப்புமை | 8 ஜூன், இரவு 10.35

வேண்டாம். துக்கத்தில் இருக்கிற பதினெட்டு வயதுக்காரனை உயரத்தில் நிறுத்திப் பதைபதைப்பு உண்டாக்குவது மலிவான வேலை. படிப்பவர்களில் அதே வயதில் அதே துக்கத்தில் ஒருவன் இருப்பான். பாலத்தின் மேல் நடந்துபோகட்டும், தொட்டிக்குள் தண்ணீர் ஓடுவதைப் பார்க்கட்டும், அந்தப் பக்கம் இறங்கட்டும். உயிரை விடும் எண்ணம் யாருக்காவது வருகிறது என்றால் அதைப் பேச்சில் கொண்டுவாருங்கள், இன்னொருவர் காதில் விழும்படி. இடம், முறை எதுவும் வேண்டாம்.

சுற்றுலாத் தலங்களையும் குறையுங்கள். பத்மநாபபுரம் அரண்மனை, திற்பரப்பு, உதயகிரிக் கோட்டை எல்லாம் வரிசையாக வந்தால் கையேடு ஆகிவிடும்.

கணக்கப்பிள்ளை | 9 ஜூன், காலை 6.15

அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை என்பதையாவது சேர்த்துக்கொள்ளலாம்.

அக்கானி | 9 ஜூன், காலை 6.50

ஜூலை 24 வியாழக்கிழமை அண்ணே.

கணக்கப்பிள்ளை | 9 ஜூன், காலை 7.05

சரி. அதற்குப் பதில் காந்தி மண்டபம் வையுங்கள். சாம்பலைக் கைவிட்டாலும் அந்த இழை அறுந்துபோக வேண்டியதில்லை. காந்தியின் அஸ்தி 1948 பிப்ரவரி 12 அன்று குமரிக் கடலில் கரைக்கப்பட்டது. கலசம் வைத்திருந்த இடத்தில் 1956-இல் மண்டபம் எழுந்தது. அக்டோபர் 2 நண்பகலில் கூரைத் துளை வழியாக வெயில் அந்த இடத்தில் விழும். பள்ளிச் சுற்றுலாவில் நான்கு பேரும் ஜூலையிலோ ஜனவரியிலோ போய், வெயில் விழாததைப் பார்த்து ஏமாந்த ஞாபகம் ஒரு வரி இருந்தால் போதும்.

சிவப்புமை | 9 ஜூன், பகல் 11.45

ஒரு வரிதான். இரண்டாவது வரி எழுதினால் வெட்டுவேன்.

பிளெக்ஸ் யாரும் சொல்லவில்லையே. இறந்த மறுநாள் ஜங்ஷனில் கண்ணீர் அஞ்சலி பிளெக்ஸ் கட்டுவது நண்பர்கள்தான். சடங்கில் கிடைக்காத இடத்தை அங்கே எடுத்துக்கொள்கிறார்கள். படம் எங்கிருந்து வரும்? அவன் தனியாக நிற்கிற நல்ல படம் இருக்காது. குரூப் போட்டோவில் வெட்டி எடுப்பார்கள். கடைக்காரர் பின்னணியை அழித்து வானமும் புறாவும் போட்டுவிடுவார். தோள் மேல் கிடந்த கை மட்டும் முழுசாகப் போகாது. நாலு விரல் அவன் சட்டை மேல் மிஞ்சி நிற்கும். யாருடைய விரல் என்று மூன்று பேருக்கும் தெரியும். ஊருக்குத் தெரியாது.

நான்கு மாதத்தில் அந்த பிளெக்ஸ் என்ன ஆகும்? கிழித்து எறிய மாட்டார்கள், உறுதியான சாமான். யாரோ ஒருவர் விறகு மூட எடுத்துப் போயிருப்பார். குலசேகரம் பக்கம் ஏதோ ஒரு ரப்பர் ஷீட் புகைபோடும் கொட்டகையில், மழைச்சாரல் அடிக்கிற பக்கம், தலைகீழாகக் கட்டியிருக்கும். வண்டியில் போகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது அந்த விரல்களாக இருக்கட்டும்.

ஆரல்காற்று | 9 ஜூன், இரவு 9.10

அக்கா, இதைப் படிச்சுட்டு வண்டி விஷயம் எழுதக் கூச்சமாத்தான் இருக்கு. இருந்தாலும் சொல்லணும். ஆரல்வாய்மொழியை எடுத்துட்டீங்க, சரி. காத்தை எடுக்கவேண்டாம். ஜூலையில ராஜாக்கமங்கலம் தாண்டி கடலோர ரோட்டுலயும் பக்கவாட்டுல அடிக்கும். ஸ்கூட்டருக்குச் சின்னச் சக்கரம், பின்னால ஆள் உக்காந்தா முன்பக்கம் லேசு. காத்து வாற பக்கம் சாஞ்சுதான் ஓட்டணும். ஆபத்து காத்து அடிக்கும்போது இல்லை, நிக்கும்போது. பக்கத்துல ஒரு லாரி வந்து மறைச்சா காத்து சட்டுன்னு நின்னுரும், சாஞ்சிருக்கிற வண்டி லாரிப் பக்கமே போகும். தெரிஞ்சவன் வேகத்தைக் குறைச்சு லாரியைப் போகவிடுவான். பைக் விபத்துல கூட்டுக்காரனைப் பறிகொடுத்த ஒருத்தன் பின் சீட்டுல இருக்கிறப்ப இது நடந்தா அதுக்கு மேல வசனம் வேண்டாம்.

ரப்பர்மரம் | 10 ஜூன், இரவு 11.30

பொண்ணு முட்டத்துக் கத்தோலிக்கக் குடும்பம்னு மாத்திட்டேன், மார்த்தாண்டத்துல பெரியம்மா வீட்டுல தங்கிப் படிச்சவ. அவ வீட்டு வழக்கப்படி அவனுக்கு ஏதாவது செய்ய முடியுமா? செத்துப்போன பையன் இந்து.

அக்கானி | 11 ஜூன், காலை 8.20

பூசைக்கருத்து குடுக்கலாம். சர்ச்சோட பங்கு அலுவலகத்துல பேரெழுதி சின்னத் தொகை கட்டினா, அந்த நாள் திருப்பலிப் பூசையில இன்னாருடைய ஆன்மா இளைப்பாற்றிக்காகன்னு வாசிப்பாவ. அந்த ஊர்ல யாருக்கும் அவனைத் தெரியாது. கோவில் நிறைய ஆள் தெரியாத ஒருத்தனுக்காக முழங்கால்ல நிப்பாவ. பயலுவ ரெண்டு பேரும் எப்ப எழும்பணும், எப்ப உக்காரணும்னு தெரியாம அரை நொடி பிந்தியே எழும்பி உக்காருவானுவ. காலைப் பூசைன்னா முந்தின ராத்திரி முட்டத்துலேயே தங்கணும், அப்போ பயணம் ரெண்டு நாள் ஆயிரும். உங்களுக்குத் தூரம் போதலைன்னு தானே அழுதீங்க?

ரப்பர்மரம் | 14 ஜூன், இரவு 10.15

புது வரிசை: ஜூலை 24 காலை குழித்துறை. குலசேகரத்துல நூலகப் புத்தகம், தக்கலையில ஜூஸ் கடை 340 ரூபா, குளச்சல்ல வாலிபால் வலை, ராத்திரி முட்டம். 25 காலைல பூசை, அப்புறம் அங்க ஒருத்தருக்கு ஹெல்மெட். கடைசியில மணக்குடிப் பாலம். 2004 சுனாமி பழைய பாலத்தைப் பிடுங்கிட்டுப் போன இடம். 12 அத்தியாயமும் அங்க முடியுது. கன்னியாகுமரி வரவே இல்லை, அடுத்த ஊருன்னு மைல்கல்லுல மட்டும் வருது. வாட்ஸ்அப் வரி பின்குறிப்பு மாதிரி ஒரு அரைப்பக்கம்.

ஆரல்காற்று | 14 ஜூன், இரவு 10.40

ஒரு ஓட்டை. அந்த ஹெல்மெட்டு இத்தனை தூரம் யார் தலையில இருந்துச்சு?

ரப்பர்மரம் | 14 ஜூன், இரவு 10.45

பின்னால இருக்கிறவன் தலையில. அவனுக்குச் சொந்தமா ஹெல்மெட் கிடையாது.

ஆரல்காற்று | 14 ஜூன், இரவு 10.50

முட்டத்துல அதைக் குடுத்துட்டா அங்கேருந்து மணக்குடி வரைக்கும் அவன் வெறுந்தலையோட போவானா? பின்னால இருக்கிறவனுக்கும் ஹெல்மெட் கட்டாயம். கூட்டுக்காரன் செத்ததே பைக்குல.

ரப்பர்மரம் | 14 ஜூன், இரவு 11.20

யோசிச்சுப் பாத்தேன். வெறுந்தலையோட அவன் ஏறமாட்டான், ஓட்டுறவனும் ஏத்தமாட்டான். அவன் பஸ்ல வரட்டும், அவளோட. கடைசி 20 கிலோமீட்டர் ஸ்கூட்டர்ல ஒருத்தன்தான், பின் சீட்டு காலி.

அக்கானி | 14 ஜூன், இரவு 11.25

அவளுக்குத்தான் ஓசி. அவனுக்கு டிக்கெட்டு உண்டு, சில்லறை வச்சிருக்கச் சொல்லுங்க.